நாக்கு செத்துப் போச்சு

காரமான சாப்பாட்டுக்கு ரெட் ஒயின் ஒத்துவராது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. ஒத்துவராதது ஒயின் இல்லை, அதிலுள்ள துவர்ப்பு. பழுக்காத பழத்தைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கிறதே, அந்தத் துவர்ப்பு. அது தூக்கலாக இருக்கிற ஒயினை மிளகாயோடு சேர்த்தால் எரிச்சல் இரண்டு பங்காகும். துவர்ப்புக் குறைந்த லேசான சிவப்பை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து ஊற்றிப் பாருங்கள். டாகோவும் அதுவும் பல நாள் பழகியவர்கள் மாதிரி நடந்துகொள்ளும். பதினோரு உணவகங்களில் மேசை மேல் வைத்திருக்கும் அட்டைகளில் இதைத்தான் வேடிக்கை வாசகங்களோடு அச்சடித்திருக்கிறார்கள். அடியில் என் கையெழுத்து இருக்கிறது. போன வாரம் நீங்கள்கூட அதில் ஒன்றைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னீர்கள், மேடம். எனக்கு அப்போது உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பேச்சுப் பயிற்சிக்காக நேற்று நீங்கள் ஒரு படிவம் கொடுத்தீர்கள். எட்டுக் கேள்விகள். நோயாளி எந்தக் கைப் பழக்கம் உள்ளவர், வீட்டில் யாரை எப்படிக் கூப்பிடுவார், என்ன வேலை பார்த்தார் என்று போகிறது. முதல் ஆறுக்கும் என் மனைவி பதில் எழுதிவிட்டு, "மிச்சத்த நீங்க எழுதுங்க, நீங்கதானே கூட இருந்தீங்க" என்று பேனாவை என்னிடம் நீட்டினாள். ஏழாவது கேள்வி, நோயாளி கடைசியாகத் தெளிவாகப் பேசிய வாக்கியம் எது? எட்டாவது, அப்போது உடன் இருந்தவர் என்ன செய்தார்? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இடம் விட்டிருக்கிறீர்கள். எழுதிப் பார்த்தேன், அடங்கவில்லை. அதனால் தனித் தாளில் எழுதுகிறேன்.

நீங்கள் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஆள் என் மனைவியின் ஒரே தம்பி. அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ளே என்பேன். ஒன்பது மேசை போட்ட சின்ன மெக்சிகன் கடை அவனுடையது. சோள ரொட்டியில் கறியை வைத்து, சல்சா என்கிற காரச் சட்னியை ஊற்றி, மடித்து, டாகோ என்று கையில் கொடுக்கிற கடை. சட்டையில் சொட்டாமல் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் குறைவு. சமைப்பதும் அவன்தான் என்பதால் எல்லோருக்கும் அவன் மாஸ்டர். ஒயின் என் பொறுப்பு. எட்டு வருஷம் படித்து, மூன்று பரீட்சை எழுதி, சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்தேன். எனக்கு அங்கே பெயர் பாட்டில் சார். கேலியாகத்தான் சொன்னார்கள், ஆனாலும் சார் என்றார்கள். அந்தச் சாருக்காகத்தான் நான் இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கனமான கறிக்குக் கனமான ஒயின் என்பது நான் படித்த பாடம். புகையில் வாட்டிய மிளகாயும் பன்றிக்கறியும் சேர்ந்த டாகோவுக்கு, மரப்பீப்பாயில் வருஷக் கணக்காகக் கிடந்த கருஞ்சிவப்பு ஒன்றை நான் சிபாரிசு செய்தேன். ஒரு நாள் மதியம் அதைக் குடித்த வாடிக்கையாளருக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகி, விக்கல் எடுத்தது. கடைசியில் பால் கேட்டார். என் மச்சினன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான்.

"எட்டு வருஷம் படிச்சது பால் வாங்கிக் குடுக்கவா, மச்சான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவன் கொத்தமல்லிக் கட்டுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். மலிவான, லேசான சிவப்பு. கடையில் லொடலொடவென்று சத்தம் போடுகிற ஒரு பழைய ஃப்ரிட்ஜ் உண்டு. இடம் இல்லாமல் யாரோ பாட்டிலை அதற்குள் திணித்திருந்தார்கள். சிவப்பைக் குளிர வைக்கக் கூடாது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஊற்றிக் கொடுத்துவிட்டான். அந்த மேசை தட்டை வழித்துச் சாப்பிட்டது. பிறகு இன்னொரு கிளாஸ் கேட்டது. அன்றைக்கு ஆரம்பித்தது இது.

மூன்று மாதத்தில் அவன் எல்லா டாகோவுக்கும் சிவப்பு கண்டுபிடித்துவிட்டான். ஆர்டர் சீட்டுகளின் பின்பக்கம் எழுதி வைப்பான். ஒயினைப் பற்றி எழுத அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, உறவுக்காரர்களைத் துணைக்குக் கூப்பிடுவது. கருஞ்சிவப்புக்கு, 'இது மாமனார். வந்து உக்காந்தா எழுந்திருக்காது, வேற யாரையும் பேச விடாது.' லேசான சிவப்புக்கு, 'பக்கத்து வீட்டு அக்கா. வரும், சிரிக்கும், போயிடும். காரம் வாயடங்கிடும்.' மீன் டாகோவுக்கு வைத்த இளஞ்சிவப்புக்கு, 'புது மருமகள். முதல் வாய் அடக்கம், ரெண்டாவது வாய்ல வேலையக் காட்டும்.' இப்போது தெரிந்திருக்கும், நீங்கள் சிரித்தது யாருடைய வாசகத்துக்கு என்று.

எங்களுக்கு ஒயின் தருகிற இறக்குமதிக்காரம்மா ஒரு நாள் வந்து சாப்பிட்டார். பதினோரு உணவகங்களுக்கு ஒயின் அட்டை எழுத ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்காக நான் எட்டு வருஷமாகத் தவம் கிடந்தேன் என்று அவருக்குத் தெரியும். அவர் என் மச்சினனைப் பார்த்து, "வர்ற திங்கக்கிழமை நாலு மணிக்கு வர்றேன், ஆறு டாகோ, ஆறு சிவப்பு. நீங்களே ருசி பார்த்துச் சொல்லணும், மாஸ்டர்" என்றார். என்னிடம் திரும்பி, "சார், நீங்க ஊத்துங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

இனி அந்தத் திங்கட்கிழமை. நான் எல்லோரிடமும் சொன்னதை முதலில் எழுதுகிறேன்.

திங்கள் கடைக்கு விடுமுறை. நானும் அவனும் மட்டும் போனோம். ருசி பார்ப்பதற்கு முந்தைய நாளிலிருந்து உப்பு காரமில்லாமல் சாப்பிட வேண்டும் என்பது நான் வைத்த சட்டம். அப்போதுதான் நாக்கு சுத்தமாக இருக்கும். அந்த மாதிரி நாட்களில் கடையில் எல்லோரும் சொல்கிற பேச்சு ஒன்று உண்டு. நாக்கு செத்துப் போச்சு. நீங்களும் காய்ச்சல் கஞ்சி குடித்த நாட்களில் சொல்லியிருப்பீர்கள். பன்னிரண்டு மணிக்கு அவன் அதைச் சொன்னான். நானும் வழக்கமான பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். அசதியாக இருக்கிறது என்று ஸ்டோர் ரூமில் போய்ப் படுத்தான். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு நான் வேலையைப் பார்த்தேன். இறக்குமதிக்காரம்மா வந்துவிட்டுப் போனார். ஐந்தே காலுக்கு எழுப்பப் போனேன். அவன் தரையில் கிடந்தான், வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இதைக் கேட்டு என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாக்கு செத்துப் போச்சுன்னா யாரும் அப்படித்தாங்க நெனைப்பாங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள். தம்பி உள்ளே கிடக்கும்போது அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். அன்றிலிருந்து யார் வந்து கேட்டாலும் எனக்கு முன்னால் அவளே இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறாள், என்னைவிட நன்றாக.

அவன் நாக்கு செத்துப் போச்சு என்று சொன்னது நிஜம். ஆனால் பன்னிரண்டு மணிக்கு இல்லை. பன்னிரண்டு மணிக்கு அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பாட வராது.

இரண்டரைக்கு நாங்கள் ஒத்திகைக்கு உட்கார்ந்தோம். ஆறு கிளாஸ், ஆறு டாகோ, ஆளுக்கொரு துப்பும் கிண்ணம். ருசி பார்க்கிறவர்கள் விழுங்க மாட்டார்கள், துப்பிவிடுவார்கள். மூன்றாவது கிளாஸில் அவன் நிறுத்தினான்.

"மச்சான், நாக்கு செத்துப் போச்சு."

"அப்ப இத வை, உயிர் வரும்" என்று நான் ஹாபனேரோ மிளகாய்ச் சல்சாவை ஒரு கரண்டி நீட்டினேன். அதுவரைக்கும் அது வேடிக்கைதான். அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் நிஜமாகவே தப்பாகப் புரிந்துகொண்டேன். அந்த ஒரு நிமிஷத்தை வைத்துத்தான் இத்தனை மாதம் ஒப்பேற்றியிருக்கிறேன்.

அவன் சல்சாவை நாக்கின் வலது பக்கம் வைத்தான். எங்கள் கடையில் அந்தச் சல்சாவை எடுத்து வைக்கிறவர்கள்கூடத் தள்ளி நின்றுதான் வைப்பார்கள். அவன் முகம் சுளிக்கவில்லை.

"இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல மச்சான்" என்றான். சொல்லும்போது வாயின் வலது ஓரத்தில் ஒயின் வழிந்து மோவாயில் இறங்கியது. அது அவனுக்குத் தெரியவில்லை. நான் துணியை எடுத்துத் துடைத்துவிட்டேன். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நாற்பது.

பார்த்ததற்குக் காரணம் உண்டு. என் அப்பாவுக்கும் பக்கவாதம் இப்படித்தான் வந்தது. காபி டம்ளரிலிருந்து அவர் வாய் ஓரமாக ஒழுகியதை நாங்கள் கவனக்குறைவு என்று நினைத்தோம். அவரை அடக்கம் செய்வதற்கு முன்னால் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே யாருக்காவது வாய் ஒழுகினா, கை தொங்கினா, முதல்ல மணியப் பாருங்க, அடுத்தது இங்க தூக்கிட்டு வாங்க" என்றார். நான் முதல் பாதியைச் செய்தேன்.

ஏன் இரண்டாம் பாதியைச் செய்யவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு அவன் மேல் கோபம் கிடையாது. நம்ப மாட்டீர்கள், இப்போதும் கிடையாது. அவனுக்குக் கெடுதல் வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நாலு மணிக்கு அவன் அந்த மேசையில் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்றும் நினைத்தேன். அப்பாவுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அப்படி நினைத்தேன். நினைக்க முடிந்தது.

அவனைத் தோளில் தாங்கி ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப் போனேன். வலது கால் தரையில் இழுபட்டது. பீன்ஸ் மூட்டைகளின் மேல் படுக்க வைத்து, தலைக்கு என் கோட்டை மடித்து வைத்தேன். தலைக்கு ஏதாவது வைக்க வேண்டும் என்று தோன்றியது பாருங்கள், அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது. திரும்பி வந்து அவனுடைய துப்பும் கிண்ணத்தைக் கழுவினேன். அது பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. குடித்தவனுடைய கிண்ணம் அப்படி இருக்காது.

நாலு மணிக்கு இறக்குமதிக்காரம்மா வந்தார். "மாஸ்டர் எங்க?" என்றார்.

"ஒத்திகையிலயே கொஞ்சம் அதிகமா ஊத்திக்கிட்டார். உள்ள தூங்குறார்" என்றேன். அவர் சிரித்தார். நான் டாகோக்களைச் சூடு பண்ணி, சிவப்பை ஊற்றி, ஆர்டர் சீட்டுகளின் பின்பக்கம் இருந்ததை மனப்பாடமாக ஒப்பித்தேன். மாமனார், பக்கத்து வீட்டு அக்கா, புது மருமகள். "இவ்வளவு நகைச்சுவை உங்ககிட்ட இருக்கும்னு நெனைக்கல சார்" என்றார். வேலை எனக்குத்தான் என்று வாசலில் கை குலுக்கிவிட்டுப் போனார். கதவைச் சாத்தியதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இவ்வளவு நேரமும் கூப்பிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் இருந்தேன்.

ஐந்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். இளவயது டாக்டரம்மா. மிகவும் நிதானமாகக் கேட்டார்.

"எத்தன மணிக்கு ஆரம்பிச்சது? நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா ஒரு ஊசி இருக்கு, அடைப்பு கரைய வாய்ப்பிருக்கு. அதுக்கு மேலன்னா போட முடியாது, உயிருக்கே ஆபத்து. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். இரண்டு நாற்பது என்றால் மூன்று மணி நேரம் ஐந்து நிமிஷம். ஊசி போடுவார்கள். போட்டுவிட்டு, இரண்டு நாற்பதிலிருந்து ஐந்தே கால் வரை என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்பார்கள். என் மனைவி கேட்பாள். பன்னிரண்டு என்றால், அசந்து தூங்கினான், தெரியவில்லை, விதி. இரண்டு நாற்பது என்றால் நான்.

"பன்னெண்டு மணி இருக்கும்" என்றேன்.

"நிச்சயமா? அதுக்கப்புறம் நல்லா இருந்ததை யாரும் பாக்கலையா?"

"பாக்கல" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். பேனாவை மூடும் சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது. தாமதம் என்பது பயத்தில், பேராசையில் நடந்தது என்று யாராவது எனக்காக வாதாடலாம். இந்த ஒரு வார்த்தைக்கு அப்படி வாதாட எதுவும் இல்லை. அவன் பேச்சை நான் எடுத்தது கடையில் இல்லை, அந்தக் கட்டில் ஓரத்தில்தான். அவன் கண் திறந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்தான் என்றுதான் நினைக்கிறேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். ஏழு மாதமாக அவனுக்கு ஒரே ஒரு சொல்தான் வருகிறது. தண்ணீர் வேண்டுமானாலும் மச்சான், வலித்தாலும் மச்சான், ஜன்னலைத் திறக்கச் சொன்னாலும் மச்சான். பார்க்க வருகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். கூடப் பிறந்த அக்காவைக்கூட அழைக்கவில்லை, இந்த மனுஷன் மேல் எவ்வளவு உயிர் பாருங்கள் என்கிறார்கள். நான்தான் அவனுக்கு ஊட்டிவிடுகிறேன், குளிப்பாட்டுகிறேன், சவரம் செய்கிறேன். என்னை மாதிரி ஒரு மச்சான் யாருக்கும் கிடைக்க மாட்டான் என்று தெருவில் பேச்சு. அதைக் கேட்கும்போதெல்லாம் நான் கூனிக் குறுகிப் போகிறேன். கூனிக் குறுகி, சும்மா இருக்கிறேன்.

வாரத்துக்கு மூன்று நாள் என்றிருந்த உங்கள் பயிற்சியை ஒரு நாளாகக் குறைத்தது நான்தான். அவன் சோர்ந்து போகிறான் என்று காரணம் சொன்னேன். அவன் சோரவில்லை. நீங்கள் கெட்டிக்காரர் என்பதுதான் காரணம்.

நேற்று நீங்கள் போன பிறகு, நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, அவன் என் முகத்தைப் பார்த்து, "மச்சான், என்ன" என்றான். ஏழு மாதத்துக்குப் பிறகு இரண்டாவது சொல். என் மனைவி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "என்னன்னு கேக்குறான் பாருங்க. பதில் சொல்லுங்க, அவனோட பேசுங்க" என்று சிரித்துக்கொண்டே அழுதாள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் போய்ச் சொன்னாள்.

அவன் எதுவும் கேட்கவில்லை, மேடம். பேச்சில் 'என்னை' என்பதையும் நாம் 'என்ன' என்றுதான் சொல்கிறோம். அது கேள்வி இல்லை. ஒரு வாக்கியத்தின் இரண்டாவது சொல். அந்த வாக்கியத்தை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் நான். இத்தனை மாதமும் அவன் என்னைக் கூப்பிடவில்லை. அந்த வாக்கியத்தை முடிக்கப் பார்க்கிறான். நீங்கள் வந்துகொண்டிருந்தால் முடித்துவிடுவான்.

மனசாட்சி உறுத்தித்தான் எழுதுகிறேன் என்று ஆரம்பிக்கும்போது நினைத்தேன். இவ்வளவு எழுதிய பிறகு பார்த்தால், நேற்று அவன் இரண்டாவது சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தத் தாளை நான் எடுத்திருக்க மாட்டேன். என் மனைவியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்குச் சொல்ல வாய் வராது. இந்தச் சொற்களை நான் எழுதுவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஏழாவது கேள்விக்கு நாக்கு செத்துப் போச்சு என்று எழுத வேண்டாம். கடைசியாகத் தெளிவாகச் சொன்னது, மூட்டை மேல் படுக்க வைத்துவிட்டு நான் திரும்பியபோது, இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. குழறல் இருந்தது, ஆனாலும் ஒரு சொல் விடாமல் புரிந்தது.

"மச்சான், என்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

நான் அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

கதவை ஒருக்களித்து வைத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதையும் திருத்திக்கொள்ளுங்கள். நாலேகாலுக்கு உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. ஒரு கையால் தட்டுகிற சத்தம், விட்டு விட்டு. இறக்குமதிக்காரம்மா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அது என்ன என்று கேட்டார். பழைய ஃப்ரிட்ஜ் என்று சொல்லி, அவருக்கு அடுத்த சிவப்பை ஊற்றினேன்.

எட்டாவது கேள்விக்கு ஒரு வரி போதும். உடன் இருந்தவர் வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டார்.